கோவில்பட்டி கிளியர்

ஒரு விடுகதை போடட்டுமாம்மா? பஸ் கிளம்ப இன்னும் நேரம் இருக்கிறது. டிரைவர் டீ குடிக்கப் போயிருக்கிறார்.

இரண்டு வாசல். இரண்டுக்கும் கதவு கிடையாது. விழித்திருக்கும்போதும் திறந்திருக்கும், தூங்கும்போதும் திறந்திருக்கும். யார் வந்தாலும் உள்ளே விடும். உள்ளே போனவர் அந்த வழியாகத் திரும்பி வருவதே இல்லை. அது என்ன?

யோசி. அவசரமில்லை.

ஆ, சரியாகச் சொல்லிவிட்டாய். கெட்டிக்காரி!

இல்லை, இரு. ஒரு வருஷமாக இப்படித்தான் செய்துகொண்டிருக்கிறேன். இன்றைக்காவது நிறுத்துகிறேன். நீ சொன்னது எனக்குக் கேட்கவில்லை. உதடு அசைந்ததைப் பார்த்தேன்; சரி என்று சொல்லிவைத்தேன். நீ மூக்கு என்று சொல்லியிருந்தாலும் கெட்டிக்காரி என்றுதான் சொல்லியிருப்பேன். மூக்கு இல்லை. மூக்கில் போன மூச்சு அதே வழியாகத் திரும்பி வருமே. விடை, காது.

எனக்குக் காது கேட்காதும்மா. அப்பாடா, சொல்லிவிட்டேன். முன்பின் தெரியாத ஆளிடம் சொல்வது எவ்வளவு சுலபமாக இருக்கிறது, பார். நீ என்று கூப்பிட்டால் கோபித்துக்கொள்ளாதே. உனக்கு என் மகள் வயதுதான் இருக்கும். டிக்கெட்டைக் காட்டு. ராஜபாளையமா? நல்லதாகப் போயிற்று. நான் கோவில்பட்டி. ஊர் வந்ததும் என் கையைத் தொடு, போதும். கண்டக்டர் கூப்பிடுவது எனக்குக் கேட்காது. வேறொன்றும் நீ சொல்ல வேண்டாம். தலையை ஆட்டினாலே எனக்குப் புரியும்.

இன்றைக்கு எனக்கு ஒரு பரீட்சை வைத்தார்கள். நாற்பது வருஷத்துச் சிநேகிதிகள், என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. முகத்துக்கு நேரே கேட்டிருக்கலாம், இல்லையா? நீயே கேட்டுவிட்டு நியாயம் சொல். சொல்ல வேண்டாம், தலையை ஆட்டு.

நான் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். நீ பள்ளிக்கூடம் போகிற காலத்தில் அதெல்லாம் முடிந்துபோயிருக்கும். அப்போது வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் எங்களிடம் நம்பரைச் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். நாங்கள் அந்த ஊர் ஆபரேட்டரைக் கூப்பிட்டு லைன் வாங்கித் தருவோம். அந்த ஊர் ஆபரேட்டரின் முகம் எங்களுக்குத் தெரியாது. பெயர்கூடத் தெரியாது. "சாத்தூர், ஒரு லைன் கொடு." "தென்காசி, கொரகொரன்னு கேக்கு, மாத்திப் போடு." ஊர்தான் பெயர். குரல்தான் முகம். ஒருத்திக்கு ஜலதோஷம் என்றால் அடுத்த ஊர்க்காரிக்கு முதல் வார்த்தையிலேயே தெரிந்துவிடும்.

எல்லாரும் ஓய்வு பெற்று, பிள்ளைகள் ஊர் ஊராகப் போய், வீடு காலியான பிறகு, சாத்தூர்தான் ஒவ்வொருத்தியாகத் தேடிப் பிடித்து வாட்ஸப்பில் ஒரு குரூப் போட்டாள். நான்கே பேர். சாத்தூரின் பெயர் ரெங்கநாயகி. தென்காசி, மைமூன் பீவி. தூத்துக்குடி, எஸ்கலின். நான் தமயந்தி, கோவில்பட்டி. பெயர் தெரிந்த பிறகும் ஊர் பெயரைத்தான் சொல்லிக்கொள்வோம்.

சாத்தூர் முதல் நாளே சட்டம் போட்டுவிட்டாள். "ரோசாப்பூவும் உதிக்கிற சூரியனும் அனுப்புறவ அப்பிடியே வெளிய போயிரலாம். எழுத்தும் கூடாது. வாசிக்கவா நாம வேலைக்குப் போனோம்? வாயைத் தொறந்து பேசுங்கட்டி."

அதனால் எங்கள் குரூப்பில் குரல் மட்டும்தான். நீ சிரிக்கிறாய், ஆனால் அது எவ்வளவு பெரிய தெம்பு தெரியுமா? காலையில் எழுந்ததும் லைன் டெஸ்ட். எக்ஸ்சேஞ்சில் செய்வோமே, அதே மாதிரி. "சாத்தூர் கிளியர்." "தென்காசி கிளியர்." "தூத்துக்குடி கிளியர், கோழி இன்னும் முட்டை போடல." "கோவில்பட்டி கிளியர்." யாராவது ஒருத்தி சொல்லவில்லை என்றால் மற்ற மூன்று பேரும் விடாமல் போன் அடிப்போம். அப்படித்தான் ஒருநாள் தென்காசி குளியலறையில் விழுந்து கிடந்ததைக் கண்டுபிடித்தோம். பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பி, கதவை உடைத்து, ஆஸ்பத்திரிக்குப் போகிற வரைக்கும் நாங்கள் மூன்று பேரும் லைனில் இருந்தோம். கட்டுப் போட்டு வந்ததும் தென்காசி அனுப்பிய முதல் செய்தி: "கதவுக்கு யாரு பதில் சொல்லுவா? புதுக் கதவு!"

என் வீட்டுக்காரர் காலமானபோது நான் அடுப்பையே பற்றவைக்காமல் கிடந்தேன். பன்னைத் தண்ணீரில் நனைத்துத் தின்பேன். எஸ்கலின் எப்படியோ கண்டுபிடித்துவிட்டாள். தினமும் மத்தியானம் ஒரு செய்தி அனுப்புவாள். "கோவில்பட்டி, எனக்குத் தாளிக்கிற சத்தம் கேக்கணும். போனை அடுப்பு பக்கத்துல பிடி." நான் சட்டியை வைத்து, எண்ணெய் ஊற்றி, கடுகைப் போட்டு, அது வெடிக்கிற சத்தத்தை அனுப்புவேன். "கறிவேப்பிலை போடலியே" என்பாள். சத்தத்திலேயே கண்டுபிடிப்பாள். தாளித்த பிறகு குழம்பு வைக்காமல் எப்படி விடுவது? அப்படியே சோறும் ஆயிற்று. மாதக்கணக்கில் விடாமல் கேட்டாள். இப்போது நான் உன்னோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறேன் என்றால் அது எஸ்கலின் கேட்ட கடுகுச் சத்தத்தால்தான்.

இதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள். மேற்கொண்டு சொல்கிறேன்.

ஒருநாள் கடுகு வெடிக்கவில்லை. பழைய கடுகு போலிருக்கிறது என்று புதுக் கடுகு வாங்கினேன். அதுவும் வெடிக்கவில்லை. சட்டியில் குனிந்து பார்த்தால் குதித்துக்கொண்டுதான் இருக்கிறது. சத்தம்தான் இல்லை.

அப்புறம் அழைப்பு மணி. அப்புறம் தண்ணீர் லாரி. ஓசூரில் இருக்கிற என் மகன் வந்து டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய் மெஷின் வாங்கிக் கொடுத்தான். மாட்டினால் காதுக்குள் வண்டு கத்துகிற மாதிரி இருந்தது. அது பெரிதில்லை, பழகியிருக்கலாம். வெளியே தெரிகிறதே! அதைக் கழற்றி பீரோவில் வைத்தேன்.

சாத்தூருக்கு மூட்டு வலி. தென்காசிக்குச் சர்க்கரை. எல்லாம் குரூப்பில் சொல்லிச் சிரிக்கிறார்கள். சர்க்கரையைச் சொல்லலாம்மா. ஆபரேட்டராக இருந்தவள் காதைப் பற்றி எப்படிச் சொல்வாள்? அதை வைத்துத்தானே நாங்கள் மனுஷியாக நின்றோம். சொன்னால் என்ன செய்வார்கள்? பாவம் என்பார்கள். எனக்காகச் சட்டத்தை மாற்றி எழுத்தில் அனுப்புவார்கள். நான் ஒருத்தி வந்து நான்கு பேர் பேச்சையும் நிறுத்தினதாக ஆகும். வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான் விஷயம். வெட்கம்.

அதற்குத்தான் பொன்ரேகா வந்தாள்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை. ஐந்தாம் வகுப்பு. அவள் அம்மா செல்வராணி ஜாக்கெட் தைக்கிறாள். காலையில் மெஷின் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். பிள்ளை சடை பின்னிக்கொள்ள என்னிடம் வரும். நான் பின்னுவேன். அவள் போனைக் காதில் வைத்துக் கேட்பாள். பின்னி முடித்ததும் எனக்கு எதிரே வந்து நின்று, வாயை நன்றாகத் திறந்து ஒவ்வொன்றாகச் சொல்வாள்.

வெறுமனே சொல்ல மாட்டாள். நடிப்பாள். இடுப்பில் கையை வைத்து, தாடையை நீட்டி, "ஏட்டி, எந்திரிச்சாச்சா இல்லியா?" என்றால் அது சாத்தூர். எஸ்கலின் என்றால் முதலில் தோள் குலுங்கும், அப்புறம்தான் வார்த்தை வரும். அந்தப் பெண்களை அவள் பார்த்ததே கிடையாது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால் எனக்குக் குரலே கேட்கிற மாதிரி இருக்கும்.

ஒருதடவை என் குரலில் அவளே லைன் டெஸ்ட் கொடுத்துவிட்டாள். நான் இருமிக்கொண்டே சொல்வேனாம், அந்த இருமலோடு! ஒருத்திகூடக் கண்டுபிடிக்கவில்லை. சாயங்காலம் நானே உடைத்துச் சொன்னேன். குரூப்பே அல்லோலகல்லோலம். "கோவில்பட்டிக்கு அடுத்த ஆபரேட்டர் ரெடி" என்றாளாம் எஸ்கலின். பிள்ளைக்கு அன்றைக்குப் பெருமை தாங்கவில்லை. பேருக்குத் தகுந்த மாதிரி முகமெல்லாம் பொன்னாகிவிட்டது.

காது விஷயத்தை மட்டும் யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தேன். "அம்மாகிட்டகூடவா ஆச்சி?" என்றாள். அம்மாவிடமும்கூடத்தான். அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். முதலில் உன்னிடம் போட்டேனே, அந்த விடுகதையும் அவள் கட்டியதுதான். நான் குரூப்பில் போட்டபோது என் பெயரில் போட்டுவிட்டேன். யார் கட்டியது என்று சொன்னால், எதற்காகக் கட்டினாள் என்று கேட்பார்கள் பார்.

பஸ் கிளம்பிவிட்டது. ஜன்னலைக் கொஞ்சம் மூடு, காற்று அடிக்கிறது.

போன மாதம் ஒருநாள் பொன்ரேகா இல்லை. அவள் அத்தை மகளுக்குக் காதுகுத்து. எல்லாரும் எட்டயபுரம் போய்விட்டார்கள். காலையில் எழுந்து போனைப் பார்க்கிறேன். எஸ்கலினிடமிருந்து ஒரு செய்தி. நீளமான செய்தி. எஸ்கலின் நீளமாகப் பேசினால் அது கதைதான். கோழி பக்கத்து வீட்டுக் கட்டிலில் முட்டை போட்ட கதை, அவள் வீட்டுக்காரர் சேவியர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே கண்ணாடி தேடின கதை. எப்போதும் அப்படித்தான். அதனால் அன்றைக்கும் அப்படித்தான் என்று நினைத்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தானே நினைப்பார்கள்?

பிள்ளை வரட்டும் என்று காத்திருந்திருக்கலாம். ஆனால் பேசாமல் இருந்தால் கோவில்பட்டிக்கு என்ன ஆயிற்று என்று அடிப்பார்களே. அதனால் கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற முகம் இருக்கிறது அல்லவா, அதில் ஒரு வரிசை அனுப்பினேன். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. என் குரலிலேயே சொன்னேன்: "ஏ தூத்துக்குடி, சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்குட்டி. சாயங்காலம் இன்னொருக்கா சொல்லு, கேக்கணும்."

போனில் சாத்தூர் கூப்பிட்டிருந்தாள். தென்காசி கூப்பிட்டிருந்தாள். மறுபடி சாத்தூர். மணி அடித்தது எனக்குக் கேட்கவில்லை, பிறகுதான் பார்த்தேன். அவர்களும் சிரிக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, "மார்க்கெட்டுல இருக்கேன், அப்புறம் பேசுதேன்" என்று அனுப்பினேன். அன்று முழுக்க எனக்கு மனசு லேசாக இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போதும் உடம்பு கூசுகிறது. பாகற்காய் வாங்கிவந்து பொரித்துச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் பிள்ளை வந்தாள். பட்டுப்பாவாடையோடு, தலையில் வாடின கனகாம்பரத்தோடு. "சீக்கிரம், தூத்துக்குடி என்ன சொல்லியிருக்கான்னு கேளு" என்றேன். போனைக் காதில் வைத்தாள். தோள் குலுங்கும் என்று நான் அவள் தோளையே பார்த்துக்கொண்டிருந்தேன். குலுங்கவில்லை. போனை இறக்கினாள். நடிக்கவில்லை. தன் முகத்தோடு சொன்னாள்.

"ஆச்சி, அந்த தாத்தா செத்துட்டாங்களாம்."

எஸ்கலின் லைன் டெஸ்டுக்காக எழுந்திருக்கிறாள். சேவியரை எழுப்பியிருக்கிறாள். எழுந்திருக்கவில்லை. வீட்டில் வேறு யாரும் இல்லை. யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல், கையில் போன் இருந்ததால், எங்களைக் கூப்பிட்டிருக்கிறாள். "யாராவது பேசுங்கட்டி, எனக்குக் கையும் காலும் ஓடல, யாராவது பேசுங்க" என்று சொல்லியிருக்கிறாள். முதலில் பேசியது நான்தான்.

தண்ணீர் இருக்கிறதா உன்னிடம்? ஒரு வாய் கொடு. போதும்.

அதற்குள் சாத்தூர் அனுப்பியிருந்தாள். பிள்ளை அதையும் கேட்டுவிட்டுத் தயங்கினாள். சொல் என்றேன். "உனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு கோவில்பட்டி? செத்த வீட்டுல சிரிக்கிற."

உண்மையைச் சொல்ல ஒரே ஒரு வார்த்தை போதும். காது. அந்த வார்த்தைதான் எனக்கு வரவில்லை. அந்த நேரத்தில் மனசுக்கு வேறு வழி தெரியவில்லை. போனை வாங்கி, பட்டனை அழுத்தி, சொல்லிவிட்டேன். "அய்யோ சாத்தூர், அது நான் இல்ல. பக்கத்து வீட்டுப் பிள்ளை போனை எடுத்து விளையாடிருச்சு. என் குரல்ல பேசும், உங்களுக்குத் தெரியும்லா. நான் போனை வீட்டுல வச்சிட்டு மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன்; மார்க்கெட்டுல இருக்கேன்னு சொன்னதும் அதுதான்."

நம்பிவிட்டார்கள். ஏன் நம்ப மாட்டார்கள்? பிள்ளை அந்த மாதிரி பேசியதை அவர்களே கேட்டிருக்கிறார்கள்.

பொன்ரேகா எங்கே இருந்தாள் என்று கேட்கிறாயா? அங்கேதான். என் எதிரே. அவளுக்குத்தான் காது நன்றாகக் கேட்குமே.

குழந்தை விளையாடிவிட்டது என்றால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், அதோடு போய்விடும் என்றுதான் நினைத்தேன். யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் சாத்தூர் அப்படி விடுகிற ஆள் இல்லை. மறுநாள் அடக்கத்துக்குப் போகிற வழியில் என்னையும் கூட்டிக்கொண்டு போக மருமகன் காரில் வந்தாள். வந்தவள் என் வீட்டுக்குள் வராமல் நேரே செல்வராணி வாசலுக்குப் போய்விட்டாள். என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. கை ஆடியதைப் பார்த்தேன். முந்தின நாள் சாயங்காலம் பிள்ளை என் வீட்டுக்கு வந்தாளே, அப்போது செய்தது என்றே செல்வராணி நினைத்திருப்பாள். செல்வராணி உள்ளே போய்ப் பிள்ளையை இழுத்துக்கொண்டு வந்தாள். வாசலிலேயே அடித்தாள். பலமான அடியாக இருக்காது. எனக்குச் சத்தமே கேட்கவில்லை.

பிள்ளை அழவில்லை. வாயும் திறக்கவில்லை. என் ஜன்னலைப் பார்த்தாள். நான் உள்ளே நகர்ந்துகொண்டேன்.

அடக்கத்துக்கும் நான் போகவில்லை. முழங்கால் வலி என்று சொல்லிவிட்டேன். போகிற வழியெல்லாம் சாத்தூர் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே வருவாள். ஊர் எல்லை தாண்டுவதற்குள் கண்டுபிடித்துவிடுவாள்.

அதற்கப்புறம் பொன்ரேகா சடை பின்ன வரவில்லை. போனைத் தொடவே கூடாது என்று அவள் அம்மா சொல்லிவிட்டாளாம். நான் கடலை மிட்டாய் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். அந்த இடத்திலேயே தம்பி கையில் கொடுத்துவிட்டாள். குழந்தைகள் சீக்கிரம் மறந்துவிடும் என்று சொல்கிறார்களே, எல்லாரும் ஒரே மாதிரி இல்லை போலிருக்கிறது.

குரூப்பில் யாரும் என்னைக் கோபிக்கவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. தினமும் எழுந்து "கோவில்பட்டி கிளியர்" என்று சொல்லுவேன். மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. நீளத்தைப் பார்த்துக் குத்துமதிப்பாக நினைத்துக்கொள்வேன். பதிலுக்குச் சிரிக்கிற முகம் அனுப்புவதை விட்டுவிட்டேன். கும்பிடுகிற கை மட்டும். கும்பிடுகிற கை எதற்கும் பொருந்தும்மா. நல்லதுக்கும் பொருந்தும், கெட்டதுக்கும் பொருந்தும்.

போன வாரம் எஸ்கலின் முகம் தெரிகிற மாதிரி கூப்பிட்டாள். வெள்ளைச் சேலை, பொட்டுப்போல் சின்ன முகம். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமை முப்பதாம் நாள் பூசை, வா என்றாள். அப்புறம் சொன்னாள்: "அந்தப் பிள்ளையையும் கூட்டிட்டு வா. அவ அம்மை அடிச்சாளாமே. எனக்கு மனசு ஆறல. சின்னப் பிள்ளைதான, தெரியாம செஞ்சிருக்கும்."

செல்வராணியிடம் போய்ச் சொன்னேன். நல்ல பொம்பளை. உடனே அனுப்பிவைத்தாள். பிள்ளையிடம் விரலை ஆட்டிச் சொன்னாள்: "போயி மன்னிப்புக் கேட்டுட்டு வா. ஆச்சிக்கும் தொணையா இரு."

இன்று காலையில் வரும்போது பொன்ரேகா ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தாள். ஆனால் கண்டக்டர் வந்து கேட்டபோது என் கையைத் தொட்டாள். "டிக்கெட்" என்று வாயைத் திறந்து சொன்னாள். இறங்குகிற இடத்திலும் தொட்டாள். பேசவில்லையே தவிர, தொடுவதை விடவில்லை.

வழியெல்லாம் நான் நினைத்துக்கொண்டு வந்தேன். போனதும் முதல் வேலையாக உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று. நம்பு. ஆனால் போனதும் எஸ்கலின் கட்டிக்கொண்டு அழுதாள். தென்காசி காபி கொண்டுவந்தாள். எப்போது சொல்வது? எஸ்கலின் பிள்ளையைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டினாள். பிள்ளை அசையாமல் நின்றாள். எல்லாரும் அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவள் ஏதாவது சொல்லிவிடுவதற்கு முன்னால் நான் சொன்னேன்:

"சொல்லு ரேகா. தப்புன்னு சொல்லு."

என்னைப் பார்த்தாள். அப்புறம் எஸ்கலினைப் பார்த்து, "தப்பு" என்றாள்.

எஸ்கலின் அவளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். சரி, முடிந்தது என்று நினைத்தேன்.

சாப்பாடு முடிந்து நான் சேவியர் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். மாலை போட்டிருந்தார்கள். கண்ணாடியோடு எடுத்த படம். பொன்ரேகா வந்து என் கையைத் தொட்டாள். "ஆச்சி, கூப்பிடுறாங்க." திரும்பினேன். தாம்பூலம் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் மறுபடி தொட்டாள். செருப்பை நிழலில் போடச் சொல்கிறார்கள். மூன்றாவது தடவை தொட்டபோது நான் திரும்பினேன். மூன்று பேரும் எனக்குப் பின்னால் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தியும் சிரிக்கவில்லை.

சாத்தூர் பிள்ளையின் கையைப் பிடித்து நகர்த்தி நிறுத்தினாள். எஸ்கலின் என்னை மறுபடி படத்தைப் பார்க்கிற மாதிரி திருப்பி நிறுத்தினாள். நான் நின்றேன். சேவியர் படத்துக் கண்ணாடியில் அவர்கள் தெரிகிறார்களா என்று பார்த்தேன். தெரியவில்லை. அப்புறம் எஸ்கலின் எனக்கு முன்னால் வந்தாள். முகமெல்லாம் தண்ணீர். வாயைப் பெரிதாகத் திறந்து சொன்னாள்:

"உன் பின்னாடி நின்னு லைன் டெஸ்ட்னு கத்துனோம்ட்டி. தெருவே திரும்பிப் பாத்துச்சு. நீ திரும்பல."

இதுதான் அந்தப் பரீட்சை. பின்னால் நின்று வைத்தது. சொல், இது நியாயமா?

நீ தலையை ஆட்டவில்லை.

சரி. நான் உட்கார்ந்து அழுதேன். எல்லாம் சொன்னேன். கடுகிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். எஸ்கலின் என் தலையைத் தன் தோளில் வைத்துக்கொண்டாள். புருஷன் போய் ஒரு மாதம் ஆனவள், அவள் எனக்கு ஆறுதல் சொல்கிறாள்! "சொல்லித் தொலைச்சிருக்கலாம்லா" என்றாள் தென்காசி. "இனிமே மூதேவி, உனக்காக எழுதித் தொலைக்கிறோம். எழுத்துப் பிழை இருந்தா சிரிக்கக் கூடாது." அந்த நேரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. நான்கு பேரும் சிரித்தோம். அழுதுகொண்டே சிரித்தோம். இவ்வளவு சுலபமாகவா இருந்தது என்று இருந்தது எனக்கு.

சாத்தூர்தான் முதலில் சிரிப்பை நிறுத்தினாள். பொன்ரேகா பக்கம் திரும்பினாள். "உனக்குத் தெரியும்லா? அடி வாங்கும்போதுகூட ஏன் சொல்லல?"

பிள்ளை சொன்னது எனக்கு நன்றாகத் தெரிந்தது. பழக்கத்தில், வாயை நன்றாகத் திறந்துதான் சொன்னாள். "ஆச்சிகிட்ட சத்தியம் பண்ணிருக்கேன்."

சாத்தூருக்கு இரண்டு மூட்டும் தேய்ந்துபோயிருக்கிறது. கீழே உட்கார்ந்தால் தூக்கிவிட ஆள் வேண்டும். அவள் சுவரைப் பிடித்து, தரையில் முழங்காலை ஊன்றி, பிள்ளை உயரத்துக்கு இறங்கினாள். இரண்டு காதையும் கையால் பிடித்துக்கொண்டாள். என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. அவள் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. பிள்ளை சாத்தூரின் கையைக் காதிலிருந்து எடுத்துவிட்டாள். அப்போதுதான் அழுதாள். அடி வாங்கினபோது அழாதவள், ஒரு மாதம் கழித்து நின்று தேம்பித் தேம்பி அழுதாள்.

நானும் பக்கத்தில் போய் அவள் தலையைத் தடவினேன். "பாத்தியா ரேகா, எல்லாம் சரியாப் போச்சு" என்றேன். வேறென்ன சொல்வது? எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டாயிற்று. அதில் அவளும் சேர்த்திதானே. தனியாக ஒரு குழந்தையிடம் போய் என்ன கேட்பது? எப்படிக் கேட்பது? எனக்கு வரவில்லையம்மா. வாய்வரைக்கும் வந்தது. வரவில்லை.

செல்வராணிக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. நான்தான் முதலில் சொல்ல வேண்டும். ஆனால் எனக்கு முன்னால் சாத்தூர் அங்கே போய்விடுவாள். அவள் வாயை மூடிக்கொண்டு இருக்க மாட்டாள். இருக்கவும் கூடாதுதான்.

ஏன் வெளியே கையைக் காட்டுகிறாய், எட்டயபுரமா? சரி, சரி. இன்னும் கொஞ்ச தூரம்தான்.

கிளம்புகிறபோது சாத்தூரின் மருமகன் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். கோவில்பட்டி வழியாகத்தான் போகிறார்கள். ஆனால் பின் சீட்டு முழுக்கப் பந்திக்காகச் சாத்தூர் கொண்டுவந்திருந்த பாத்திரம், நாற்காலி. ஒரு ஆளுக்குத்தான் இடம். சாத்தூர் குனிந்து பிள்ளையிடம் கேட்டாள்: "காருல வாரியா, ஆச்சிகூட பஸ்ஸுல போறியா?"

பொன்ரேகாவுக்குக் கார் ஒத்துக்கொள்ளாது. ஏறினால் வாந்திதான். எனக்குத் தெரியும், அவள் அம்மாவுக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். நான் பஸ்ஸுக்குச் சில்லறையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நின்றேன்.

அவள் உள்ளே போய் எஸ்கலினிடம் ஒரு எலுமிச்சம்பழம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து காரில் ஏறினாள்.